சுருதி சேர்ந்தால் பயணம் இனிக்கும்

ஆரணி நகரின் விடியற்காலை தறியின் ஓசையோடுதான் புலர்கிறது. கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள இவ்வூரின் பழைய தெருக்களில் நடந்து செல்வோர், திறந்த கதவுகளின் உள்ளேயிருந்து நாடா ஓடும் ஓசையையும், மிதியின் ஓசையையும், அச்சு வந்து மோதும் ஓசையையும் கேட்கலாம். தாளம் பிசகாத அந்த ஓசைக்கு நாமும் பழகிவிட்டோம். பட்டு நெய்யும் குடும்பங்களிடையே பணியாற்றும் நமக்கு, அவர்களது தறி வீடுகளில் கற்றுக்கொண்ட பாடங்கள் பல. அவற்றுள் ஒன்றை, கடந்த கோடையில் மேற்கொண்ட ஒரு பயணத்தோடு சேர்த்து இங்கே எழுத விரும்புகின்றோம்.

மே மாதக் கத்திரி வெயிலில், நம் பாடகர் குழுவினர் பதினான்கு பேருடன் வேளாங்கண்ணிக்கு வேனில் புறப்பட்டோம். ஓர் ஆர்மோனியம், ஒரு புல்லாங்குழல், ஒரு டோலக், ஒரு கிட்டார் ஆகியவை நம்முடன் வந்தன. ஆர்மோனியம் வாசிப்பவர் எழுபது வயதைக் கடந்த ஒரு நெசவாளர். தறிக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பெட்டியை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமே சுமந்து வந்து வாசிப்பவர். கிட்டார் வாசிப்பவரோ பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர். அவரும் ஆரணியில் ஒரு தறி வீட்டில் பிறந்தவரே.

அவருடைய கிட்டாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈராண்டுகளுக்கு முன்னர் இதே போன்றதொரு பயணத்தில், உணவு வேளையில் தம் மரக் கிட்டாரை வெயிலில் நின்ற வேனுக்குள் அவர் விட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது, தந்திகளைத் தாங்கும் பாலம் பசை இளகிப் பெயர்ந்து நின்றது. அன்று அவர் முகம் வாடியதை நாம் மறக்கவில்லை. பிறகு ஊதியத்தில் மாதந்தோறும் சிறிது சேமித்து, கார்பன் இழையால் ஆன சிறிய கிட்டார் ஒன்றை வாங்கினார். கன்னங்கரேலென்ற அக்கருவியை வேனில் அவர் உறையிலிருந்து எடுத்தபோது, முதியவர் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கண்ணுக்கு அருகில் கொண்டு சென்றார்.

“தம்பி, இது நெய்ததல்லவா? பாவும் தெரிகிறது, ஊடையும் தெரிகிறது. கோடு சாய்வாக ஓடுகிறதே!”

உண்மைதான். அது நெய்யப்பட்ட கருவியே.

இழையின் வரலாறு

நூலைக் கரியாக்கிப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. 1879-ஆம் ஆண்டில் எடிசன் தமது மின்விளக்கில் ஒளிரச் செய்தது கரியாக்கப்பட்ட பருத்தி நூலையே. பின்னர் மூங்கில் இழையைப் பயன்படுத்தினார். இன்றைய வலிமைமிக்க கார்பன் இழைக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானின் ஒசாகா நகரில் ஆராய்ந்த அகியோ ஷிண்டோ. குளிர்காலச் சட்டைகள் பின்னப்படுகின்றனவே, அந்த அக்ரிலிக் நூலின் இனத்தைச் சேர்ந்த இழையை முதலில் காற்றில் 200 முதல் 300 பாகை வரை சூடேற்றுவர். பின்னர் உயிர்வளி இல்லாத உலையில் 1,000 பாகைக்கு மேல் வாட்டுவர். மற்றவை ஆவியாகி நீங்க, கரி மட்டும் இழையாக எஞ்சும். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்று நாற்பதில் ஒரு பங்கு. பட்டுப்புழு நூற்கும் இழையைக் காட்டிலும் அது மெல்லியது. அத்தகைய இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது ஒரு புரி. அந்தப் புரிகளைத் தறியில் துணியாக நெய்து, அச்சில் படிய வைத்து, பிசினை ஊட்டி இறுகச் செய்தால், அதுவே கிட்டாரின் உடலாகிறது.

மரத்தை விட்டு வேறு பொருளை நாடியவர்களுக்குத் தக்க காரணம் இருந்தது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர்கள் செய்துவந்த சார்லஸ் காமன், 1966-இல் கண்ணாடி இழையால் ஆன வளைந்த முதுகுடைய கிட்டார்களைச் செய்யத் தொடங்கினார். பாஸ்டன் நகரின் இசைக்குழுவில் செல்லோ வாசித்த லூயிஸ் லெகுவியா, தாம் ஓட்டிய பாய்மரப் படகின் உடல் அலையில் அதிர்ந்து ஒலிப்பதைக் கேட்டு, கார்பன் இழையால் செல்லோ செய்யும் முயற்சியில் இறங்கினார். வெயிலும் மழையும் மாறிமாறி வரும் ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த இயற்பியல் அறிஞர் ஜான் டெக்கர், 1990-களின் முற்பகுதியில் கார்பன் இழைக் கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். திறந்த வெளியில் வாசிக்கும் கலைஞருக்கு மரம் தரும் தொல்லையே இவ்வகைக் கருவிகளை வளர்த்தது.

அத்தொல்லை எத்தகையது என்பதை ஆரணி நெசவாளருக்கு விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் சுரந்தால் இழை ஊதும், பாவு தளரும். வறண்ட காற்று அடித்தால் இழை அறும். வாணிபத்தில் பட்டு நூலை நிறுக்கும்போது நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் இயல்பானதென்று கணக்கிடும் வழக்கமே உண்டு. மரமும் அவ்வாறே காற்றின் ஈரத்தைப் பருகிப் பருக்கிறது; இழந்து சுருங்குகிறது. கிட்டாரின் மேற்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உடையது. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து அதனை ஏறக்குறைய 70 கிலோ எடையின் விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவேதான், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருக்கும் இடத்தில் மரக் கிட்டாரை வைக்கும்படி செய்வோர் அறிவுறுத்துகின்றனர். செஞ்சிப் பாறைகளின் அனலையும் நாகப்பட்டினத்துக் கடற்காற்றின் ஈரத்தையும் ஒரே நாளில் கடக்கும் நம் பயணத்தில் அது இயலுமா? கார்பன் இழையோ ஈரத்தை ஏற்பதில்லை; ஊதுவதுமில்லை, சுருங்குவதுமில்லை.

பட்டுக்கும் கிட்டாருக்கும் இன்னோர் உறவும் உண்டு. 1940-களில் நைலான் தந்திகள் வரும்வரை, ஸ்பானியக் கிட்டாரின் உயர்ந்த ஒலிக்குரிய மூன்று தந்திகள் ஆட்டுக் குடலால் ஆனவை. தாழ்ந்த ஒலிக்குரிய மூன்றும் பட்டு இழையின் மேல் உலோகக் கம்பி சுற்றப்பட்டவை. இதனை வேனில் சொன்னபோது, “அப்படியானால் கிட்டார் நம் வீட்டுப் பிள்ளைதான்” என்று முதியவர் சிரித்தார். சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்தில் வேண்டிக்கொண்டு, பாடலும் பேச்சுமாகச் செஞ்சியை அடைந்தோம்.

புளியமரத்தடியில்

செஞ்சியைக் கடந்ததும் புளியமரங்களின் நிழலில் வேனை நிறுத்திக் கட்டுச்சோறு உண்டோம். பின்னர் ஆர்மோனியத்தைத் திறந்து பாடத் தொடங்கினோம். இரண்டு அடி பாடுவதற்குள் ஏதோ நெருடியது. கிட்டாரும் ஆர்மோனியமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இளைஞர் தம் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்தார். உலகெங்கும் பெரும்பாலோர் ஏற்றுள்ள அளவு, நடு ‘ஏ’ சுரத்திற்கு நொடிக்கு 440 அதிர்வுகள் என்பது. 1939-இல் இலண்டனில் கூடிய மாநாடு பரிந்துரைத்த அளவு அது. கிட்டார் அதனோடு சரியாகப் பொருந்தி நின்றது. ஆர்மோனியம் சற்று ஏறி நின்றது.

“தாத்தா, என் கிட்டார் மாறவே மாறாது. அதற்காகத்தானே இதை வாங்கினேன்! உங்கள் பெட்டிதான் பழுது” என்றார் இளைஞர்.

இவ்விடத்தில் நம் பிழையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கைப்பேசி காட்டியதை நாமும் எட்டிப் பார்த்தோம். இளைஞர் சொல்வதே சரியென்று தோன்றியது. “அடுத்த பாடலுக்கு ஆர்மோனியம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டோம். முதியவர் மறுமொழி கூறவில்லை. துருத்தியை மூடிக் கொக்கியிட்டார். பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றினார். சற்றுத் தள்ளிப்போய் மரத்தடியில் அமர்ந்துகொண்டார். முப்பது ஆண்டுகள் சுமந்த பெட்டியை அவர் சுற்றிய விதத்தைக் கண்டும், நாம் வாளாவிருந்தோம்.

பாடினோம், பாட்டு நிற்கவில்லை. ஆர்மோனியத்தின் ஒலியைப் பிடித்துக்கொண்டே பாடிப் பழகிய பெண்களும் சிறுவர்களும் ஆளுக்கொரு சுருதியில் அலைந்தனர். புல்லாங்குழல் மேலே மேலே ஏறிற்று. சற்று நேரத்தில் கிட்டாரும் இறங்கிவிட்டது. நிழல் நகர்ந்து அதன் மேல் வெயில் விழுந்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை. இளைஞர் மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார். மாறாதென்று அவர் சொன்ன கிட்டார் மாறியிருந்தது. அவர் எதுவும் பேசாமல் கருவியை உறையிலிட்டார்.

ஏன் மாறிற்று?

இதற்குரிய காரணத்தை நம் பாடகர் குழுக்கள் அறிந்துகொள்வது நன்று. கார்பன் இழை உடல் வெப்பத்தில் பெரும்பாலும் நீள்வதில்லை. ஆனால் அதன் மேல் பூட்டியிருப்பவை எஃகுத் தந்திகள். எஃகு சூட்டில் நீளும். உடல் நின்ற இடத்தில் நிற்க, தந்தி மட்டும் நீண்டால் அதன் இறுக்கம் குறையும், சுருதி இறங்கும். ஆகவே ஈரத்தை வென்ற இக்கருவி வெயிலை முற்றும் வென்றதாகாது. புல்லாங்குழலின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அதனுள் அதிர்வது காற்று. காற்றில் ஒலியின் வேகம் வெப்பம் ஒரு பாகை கூடும்போது நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது; அதனால் சுருதி ஏறுகிறது. ஒரே வெயிலில் குழல் ஏற, தந்தி இறங்குகிறது. தோற்கருவியின் தோலோ சூட்டில் இறுகி, ஈரத்தில் தொய்கிறது. யாரும் பிழை செய்யாமலே அனைவரும் ஒருவரை விட்டு ஒருவர் விலகுகின்றனர்.

இவற்றுள் ஆர்மோனியத்திற்கு மட்டும் வழியில் வைத்துச் சுருதி மாற்றும் வசதியே இல்லை. 1840-களில் பிரான்சு நாட்டில் உருவான அக்கருவியின் ஒலி பித்தளை நாக்குகளிலிருந்து எழுவது. அந்த நாக்குகளைப் பதமாகச் சுரண்டினாலன்றிச் சுருதி மாறாது. வளைந்து கொடுக்காத இக்குணத்திற்காகவே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை ஒதுக்கி வைத்திருந்தது. கிட்டாருக்கோ முறுக்காணி இருக்கிறது. குழலை வாசிப்பவர் உதட்டோடு சற்றுத் திருப்பி ஊதினால் சுருதி இறங்கும். டோலக்கை இழுத்துக் கட்டலாம். எனவே சேர்ந்து வாசிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, கைப்பேசியின் கணக்கில் யார் சரி என்பதன்று. இங்கே மாற இயலாதவர் யார், மாற இயன்றவர் யார் என்பதே. மாற இயன்றவர் மாறுவதே முறை. இந்த எளிய உண்மையைப் புளியமரத்தடியில் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் நாட்டு இசை வரலாறும் இதற்குச் சான்று பகரும். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் மேலை நாட்டு வயலினைக் கற்றபோது, அக்கருவியின் உடலை மாற்றவில்லை. நாளடைவில் அதன் தந்திகள் நம் பாடகரின் சட்சமத்திற்கும் பஞ்சமத்திற்கும் சேர்க்கப்பட்டன. வயலினின்றிக் கருநாடக இசைக் கச்சேரி இல்லை என்னும் நிலை அதனால் வந்தது. பிற்காலத்தில் கிட்டாரையும் அவ்வாறே நம் இராகங்களுக்குப் பழக்கியவர் பிரசன்னா. சுமந்து செல்ல முடியாத தம்புராவுக்கு மாற்றாக, பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் குழல் கலைஞருமான இராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். பெட்டியளவே உடைய அக்கருவியிலும், பாடுவோரின் சுருதிக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் குமிழை அவர் மறவாமல் வைத்தார்.

வேளாங்கண்ணியில் ஓர் இரவு

மாலையில் கடலூரையும், இரவு தொடங்கியபின் காரைக்காலையும் கடந்து வேளாங்கண்ணியை அடைந்தோம். வழி நெடுக முதியவர் வாய் திறக்கவில்லை. “அடுத்த ஆண்டு முதல் வேறொருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், சாமி” என்று மட்டும் இறங்கும்போது நம்மிடம் சொன்னார்.

தங்கும் விடுதியின் தாழ்வாரத்தில், கோவாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் வயலினுடன் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தனர். அடுத்த அறையில் கேரளத்து இளைஞர் சிலர். கொங்கணியும் மலையாளமும் தமிழும் ஒன்றுக்கொன்று புரியவில்லை. கோவாக்காரர் நம் இளைஞரின் கரிய கிட்டாரைக் கண்டு வியந்து, உடன் வாசிக்குமாறு சைகை காட்டினார். இளைஞர் கிட்டாரை எடுத்தார். எடுத்தவர், அதை மடியில் வைக்காமல், தூணோரம் சாய்ந்திருந்த முதியவரிடம் சென்றார்.

“தாத்தா, பெட்டியைத் திறங்கள். நாங்கள் உங்களுக்குச் சேர்த்துக்கொள்கிறோம்.”

“என் பெட்டி பழுது என்றாயே, தம்பி.”

“என் காதுதான் பழுது, தாத்தா.”

முதியவர் உடனே எழவில்லை. அவரருகில் நாமும் சென்று அமர்ந்தோம். பகலில் நாம் செய்தது தவறு என்று அத்தனை பேர் நடுவிலும் சொன்னோம். அவர் வேட்டியின் முடிச்சை அவிழ்த்தார். பெட்டியைத் திறந்து சட்சமத்தை அழுத்தி, துருத்தியை மெல்ல அசைத்தார். இளைஞர் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு தந்தியாகச் சற்றே இறுக்கினார். கோவாக்காரர் தம் வயலினைச் செவியருகே வைத்து அவ்வாறே செய்தார். பெண்கள் பாடுவதற்கு ஒன்றரைக் கட்டை வேண்டும் என்றதும், இளைஞர் கிட்டாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் கவ்வியை மாட்டினார். எல்லாம் கூடுவதற்குப் பத்து நிமிடங்கள் ஆயின. அந்தப் பத்து நிமிடங்களும் பாட்டைவிட இனிமையாக நமக்குத் தோன்றின.

கடற்காற்று உப்பும் ஈரமுமாக வீசிற்று. மரத்தாலான வயலினைக் கோவாக்காரர் இரு முறை நிறுத்திச் சரிசெய்ய நேர்ந்தது. கார்பன் இழைக் கிட்டார், முதலில் சேர்த்தபடியே நின்றது. இரவின் சீரான குளுமையில் அதன் உறுதி உண்மையிலேயே பயன்பட்டது. யாருக்கும் முழுதாகத் தெரியாத பாடல்களை, தெரிந்தவர் தொடங்க மற்றவர் தொட்டுக்கொண்டு, நள்ளிரவு வரை வாசித்தனர்.

மறுநாள் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் தறிக்காரர் மொழியில் விடை சொன்னார்: “பாவை இறுக்கிக் கட்டியாயிற்று, அது அசையாது. ஊடைதானே மேலும் கீழும் வளைந்து போகவேண்டும், சாமி? இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றால் புடவை ஏது?” அடுத்த ஆண்டைப் பற்றி அவர் மறுபடியும் பேசவில்லை; நாமும் கேட்கவில்லை.

பயணம் செல்வோருக்குச் சில சொற்கள்

பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்க எண்ணும் பெற்றோர் நம்மிடம் யோசனை கேட்பதுண்டு. கார்பன் இழைக் கிட்டார் மலிவானதன்று. விரிசல் கண்டால் எல்லாத் தச்சரும் பழுது பார்க்க இயலாது. அதன் ஒலியில் மரத்தின் கனிவு குறைவென்று கருதுவோரும் உளர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம் உலகெங்கும் கிட்டாரின் முதுகுக்குப் பெயர் பெற்றது என்பதையும் மறத்தலாகாது. வீட்டிலும் ஆலயத்திலும் வாசிக்கும் பிள்ளைக்கு நல்ல மரக் கிட்டாரே போதும். அடிக்கடி ஊர் ஊராகச் செல்வோருக்கும், கடற்கரையிலும் திறந்த வெளியிலும் வாசிப்போருக்கும் கார்பன் இழை ஏற்றது.

எக்கருவியாயினும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். ஓரிடத்தை அடைந்ததும் கால் மணி நேரமாவது கருவி அவ்விடத்துக் காற்றோடு பழகட்டும். பின்னர் சுருதி சேருங்கள். மாற்ற இயலாத கருவி எதுவோ அதன் சுருதியை முதலில் கேளுங்கள். குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரையே முதல் சுரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஆரணியில் சனிக்கிழமை மாலைகளில் நம் பாடகர் குழு பயிற்சிக்குக் கூடுகிறது. இளைஞர் பெங்களூரிலிருந்து வரும் வாரங்களில், கரிய கிட்டாரை உறையிலிருந்து எடுத்ததும் ஆர்மோனியத்தின் அருகில் சென்று அமர்கிறார். முதியவர் சட்சமத்தை அழுத்துகிறார். முறுக்காணி மெல்லத் திரும்புகிறது. தெருவில் எங்கோ ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது. சுருதி சேரும்வரை நாமும் பேசாமல் காத்திருக்கின்றோம்.